எடுத்த இடத்திலேயே வையுங்கள்

கொற்கை என்னும் பெயர் ஒரு முறையேனும் ஒலிக்காத தமிழ் இலக்கியக் கூட்டத்தை நாங்கள் அரிதாகவே கண்டிருக்கிறோம். முத்து என்றால் கொற்கை. பாண்டியர் துறைமுகம் என்றால் கொற்கை. யவனர் வணிகம் என்றாலும் கொற்கை. 2009இல் ஜோ டி குருஸ் அப்பெயரில் ஒரு பெருநாவல் எழுதி, 2013இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்த பின்னர் அச்சொல்லின் புழக்கம் இன்னும் பெருகிற்று. (அந்நாவலின் களம் தூத்துக்குடி நகரமும் அதன் துறைமுகமும் என்பதை, நூலைப் புரட்டாமலே அதைப் பற்றி உரையாற்றுவோர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.) சொல் இவ்வளவு செழிப்பாக இருக்கையில் ஊர் எப்படி இருக்கிறது? தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும் நிலத்தினிடையே கொற்கை என்றொரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. கடல் அதை விட்டுச் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. வயலின் நடுவே அக்கசாலைப் பிள்ளையார் கோயில் நிற்கிறது. ஊரார் மிகப் பழையதென்று காட்டும் வன்னி மரம் ஒன்றும் உண்டு. கொற்கையை மேற்கோள் காட்டும் நூறு பேரில் அந்த வன்னி மரத்தடியில் நின்றவர் எத்தனை பேர் என்று கேட்டால் அவையில் ஓர் அசாத்திய அமைதி நிலவும்.

இதை ஒரு குற்றச்சாட்டாகவே முன்வைக்கிறோம். நமது மரபுப் பற்று இரண்டே வழிகளை அறிந்திருக்கிறது. ஒன்று, இடத்துக்குப் போகாமலேயே அதைப் பாடுவது. மற்றொன்று, இடத்துக்குப் போய் அங்கிருந்து எதையாவது எடுத்து வருவது. போவதும் காண்பதும் கண்டதைக் கண்டபடியே விட்டு வருவதுமாகிய மூன்றாவது வழியை நாம் பழகவில்லை. அதைப் பழக்குவதற்கு, நமது அறிவாளிகள் இளக்காரமாகப் பார்க்கக்கூடிய ஒரு விளையாட்டு உதவும் என்பது எங்கள் துணிபு. அதன் பெயர் ஜியோகேச்சிங்.

விளையாட்டின் பிறப்புக் கதை சுருக்கமானது. அமெரிக்க அரசு தன் செயற்கைக்கோள்கள் தரும் இடங்காட்டிச் சைகையில் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வந்தது. கையிலுள்ள கருவி சுமார் 100 மீட்டர் வரை தவறிச் சொல்லும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் அப்பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டோரம் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டப்பா அவரை, ஒரு குறிப்பேடு. தேடி வருபவர் எதையாவது எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு எதையாவது வைக்க வேண்டும். குறிப்பேட்டில் தம் வருகையைப் பதிய வேண்டும். பிறகு பெட்டியை எடுத்த இடத்திலேயே, எடுத்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும். இவ்வளவுதான் சட்டம். இன்று உலகின் எல்லாக் கண்டங்களிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கின்றன.

தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது? ‘பதுக்கல்’ என்றால் நமக்கு ரேஷன் அரிசி மூட்டைதான் நினைவில் எழும். ஆனால் சங்கச் செய்யுட்களில் ‘பதுக்கை’ என்றொரு சொல் உண்டு. பாலை வழியில் கொல்லப்பட்டுக் கிடப்பவரின் மேல் கற்களைக் குவித்து மூடிய மேடு அது. வழிச்செல்வோர் அதைக் கண்டு, இங்கே ஒருவர் கிடக்கிறார் என்று அறிந்து கடந்து போவர். ஒளித்து வைத்தலும் அடையாளம் காட்டுதலும் ஒருங்கே அமைந்த சொல் வேறு எந்த மொழியில் இருக்கிறதோ தெரியாது, நம்மிடம் இருக்கிறது. கலைச்சொல் ஆக்குவோர் கவனிப்பார்களாக.

இவ்விளையாட்டு வேரூன்றிய இடங்களைப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். 2000 மே 11 அன்று, அதாவது உல்மரின் வாளிக்கு எட்டு நாள் கழித்து, கன்சாஸ் மாநிலத்துப் புல்வெளிச் சமநிலத்தில் மிங்கோ என்னும் இடத்தருகே ஒரு பெட்டி வைக்கப்பட்டது. மிங்கோவை ஊர் என்பதே கொஞ்சம் தாராளம். நெடுஞ்சாலை ஒன்று அதை உரசிக்கொண்டு போகிறது, அவ்வளவே. ஆனால் ஆடுபவரிடையே மிகப் பழைய பெட்டிகளுள் ஒன்றென்று பெயர் பெற்றுவிட்டதால், உலகின் எங்கெங்கிருந்தோ வருவோர் வண்டியைத் திருப்பி அங்கே இறங்குகிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தப் புல்வெளிப் பரப்பில் உள்ள சிற்றூர்களின் கதை நமக்கு அந்நியமானதன்று. தானியக் களஞ்சியத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டி எழுந்தவை அவை. ரயில் நின்றதும் கடைகள் மூடின, பள்ளி மூடிற்று, பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், புதிய நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் விலகிச் சென்றது. எஞ்சியிருந்தவர்கள் பழைய களஞ்சியத்தின் அடியிலும் கல்லறைத் தோட்டத்து வேலியிலும் மூடிய பள்ளியின் முற்றத்திலும் ஒவ்வொரு பெட்டியாக வைத்தார்கள். தேடி வந்தவன் வழி கேட்கிறான், காப்பி குடிக்கிறான், இது என்ன கட்டடம் என்று விசாரிக்கிறான். அதனால் ஊர் பிழைத்துவிட்டது என்று நாங்கள் கதை விடப் போவதில்லை. அவ்வூர்கள் பலவும் இன்றும் சுருங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆயினும், யாரும் நிற்காத இடத்தில் ஒருவன் நின்றான் என்பது அந்த ஊருக்குச் சிறிய செய்தியன்று.

முத்துக்குளித்துறையின் ஊர்களை இங்கே எண்ணிப் பாருங்கள். மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் இன்றைய பழையகாயல். புன்னைக்காயலில் அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறியதாகக் கொள்ளப்படுகிறது. கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான 1578க்கு எட்டே ஆண்டுகள் கழித்து, இன்றைய சென்னையின் பதிப்பகங்கள் கனவிலும் இல்லாத காலத்தில்! மணப்பாடு, பிரான்சிஸ் சவேரியார் 1542இல் வந்திறங்கிய கரை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ எழுந்ததும் அங்கேதான். வடக்கே வைப்பாறு, வேம்பாறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்தும் காரும் இந்தப் பெயர்ப் பலகைகளைக் கடக்கும் வேகம் என்ன? திருச்செந்தூரில் தரிசனம், தூத்துக்குடியில் மக்ரூன், முடிந்தது யாத்திரை.

“வேலையற்ற வெள்ளைக்காரனின் பொழுதுபோக்கு நமக்கெதற்கு?” என்று கேட்கும் நண்பர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை. ஓர் ஆற்றின் கரையோடு ஊர் ஊராய்ச் சுற்றியதை எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’யைத் தலையில் வைத்துக் கொண்டாடும் நாம் ஊர் சுற்றுவதை இழித்துரைக்கும் உரிமையை எப்போதோ இழந்துவிட்டோம். வளைவுகளும் மணிமண்டபங்களும் ஒளி ஒலிக் காட்சிகளும் வேண்டுவோர் இன்னொரு சாரார். அவர்களோடு வாதிடுவது வீண். ஓர் இடத்தின் முன்னால் சிமெண்ட் வளைவு எழுந்துவிட்டால், வருபவன் வளைவின் அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவான் என்பதை அவர்களே அனுபவத்தில் அறிவார்கள்.

எங்கள் சினம் அவர்கள்மேல் அன்று. அது இன்னும் அருகிலிருப்பவர்கள்மேல்.

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்வோம். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர்ப் பறம்பு, மண்ணுக்குள் தாழிகள். 1876இல் பெர்லினிலிருந்து யாகோர் வந்தார், தோண்டினார், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். 1899 முதல் 1905 வரை பல பருவங்களில் அலெக்சாந்தர் ரே தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் இரும்புக் கருவிகளும் சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. இடையே 1903இல் பாரிசிலிருந்து லூயி லாப்பிக் வந்து தம் பங்கை எடுத்துச் சென்றார். இவர்கள் எல்லாரையும் ஒரே தட்டில் வைப்பது அறமாகாது. ரே, எந்தப் பொருளை எடுத்தோம் என்று பட்டியலிட்டு 1915இல் நூலாக வெளியிட்டார். விளையாட்டின் மொழியில் சொன்னால், குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனவர் அவர். மற்றவர்கள் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனவர்கள். 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அங்கே அகழ்ந்தது. எடுத்ததென்ன, கண்டதென்ன என்னும் முழு அறிக்கைக்காகத் தமிழ் வாசகர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. எடுப்பதில் உள்ள வேகம் எழுதுவதில் இல்லாமற்போவது வெள்ளைக்காரரின் தனிச்சொத்தன்று.

பெர்லினையும் பாரிசையும் டெல்லியையும் திட்டுவது நமக்கு இனிது. கேட்பவர் கைதட்டுவர். ஆனால் நமது இலக்கிய நண்பர்களின் வீட்டு அலமாரிகளைக் கொஞ்சம் திறந்து பார்ப்போமா? கல்கி தொகுதிகளுக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் இடையே, பருத்திப் பஞ்சின் மேல், ஒரு கறுப்பு-சிவப்புப் பானைச் சில்லு. “ஆதிச்சநல்லூரில் கிடைத்தது, சும்மா மண்ணில் கிடந்தது” என்று குரல் தாழ்த்திச் சொல்வார்கள், அதில் கொஞ்சம் பெருமிதமும் இருக்கும். கொற்கையின் வயல் வரப்பில் பொறுக்கிய சங்குத் துண்டு, ஏதோ ஒரு மணல்மேட்டில் கிடைத்த பாசிமணி. இவை ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் கிடந்தன. அந்த இடத்தில் கிடந்தது என்பதே அவற்றின் பொருள். சில்லு எந்த மேட்டில், எந்தச் சரிவில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் கையில் இருப்பது சுட்ட மண், வேறொன்றுமில்லை. அதை எடுத்தவர் ஒரு சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவர். பாடபேதத்துக்காகப் பக்கம் பக்கமாகச் சண்டையிடும் நம்மவர்க்கு இது உறைக்கவில்லை என்பதுதான் விந்தை. ஓர் எழுத்து மாறினால் உரையாசிரியனைக் கிழிக்கிறோம். ஓர் ஏட்டையே கிழித்து வீட்டுக்குக் கொண்டு வந்தவனுக்குத் தேநீர் கொடுத்து அதைக் காட்டச் சொல்கிறோம்.

கன்சாஸ் புல்வெளியில் பெட்டி தேடும் பத்து வயதுப் பிள்ளைக்கு, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று தெரியும். அடுத்து வருபவனுக்கும் அது அங்கே இருக்க வேண்டும் என்று தெரியும். இந்த ஒரு விதியைப் படிப்பதற்காகவேனும் நமது மரபு ஆர்வலர்கள் அனைவரும் ஓராண்டு இவ்விளையாட்டை ஆட வேண்டும் என்போம்.

இனி, இது நமக்கு அந்நியமான விளையாட்டு என்னும் பேச்சுக்கு வருவோம். கடற்கரையில் பிறந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கரை மறையும் தொலைவில், எந்தக் குறியும் இல்லாத நீர்ப்பரப்பில், நேற்று மீன் பட்ட அதே இடத்தை இன்றும் கண்டடைவது எப்படி? கரையில் இரண்டு குறிகளை ஒன்றன்பின் ஒன்றாய் நேர்கோட்டில் நிறுத்துவார்கள், ஒரு கோபுரமும் அதன் பின்னே ஒரு பனங்கூட்டமுமாக. அது ஒரு கோடு. வேறு திசையில் வேறு இரண்டு குறிகளை அதே போல் நிறுத்தினால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளியில் வலை இறங்கும். குமரிக் கடற்கரையில் இதைக் கணியம் என்பர். கடலின் அடியிலுள்ள ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயருண்டு, அதை அடையக் குறிகள் உண்டு. முத்துச் சிப்பி விளைந்த பார்களும் அவ்வாறே பெயரிட்டு அறியப்பட்டவை. தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் தொளாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் இப்பார்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். அவருக்கு முன்பே, எழுத்தில்லாமல், அவை மனிதர் நினைவில் வரையப்பட்டிருந்தன.

கணியம் எல்லாருக்கும் சொல்லப்படுவதன்று. நல்ல பாரின் குறியைத் தகப்பன் மகனுக்குச் சொல்வான்; அண்டைப் படகுக்காரன் அருகே வந்தால் வலையை இழுத்துக்கொண்டு வேறு பக்கம் போவதுபோல் போக்குக் காட்டுவான். ஒளித்து வைத்தலும் கண்டுபிடித்தலும் இங்கே வயிற்றுப்பாடு. பிறகு ஜி.பி.எஸ். கருவி படகேறிற்று. இடத்தை அடைந்ததும் ஒரு பொத்தானை அமுக்கினால் எண் பதிந்துவிடும். மூடுபனியோ இருளோ பொருட்டில்லை. மீனவர் அதை வாங்கியதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. உயிர் பிழைக்கும் கருவியை வைத்திருப்பவனிடம் போய்ப் பழைமையின் அழகைப் பேசுவது ஊரில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரின் கொழுப்பு. எங்கள் கவலை வேறு. கருவியில் எண் பதிந்த பிறகு, கோபுரத்தையும் பனையையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணை மகனுக்குக் கொடுக்க வேண்டிய தேவை இல்லாமற்போகிறது. பாரின் பெயர் ஓர் எண்ணாகிவிடுகிறது. 1961இல் கடைசி முத்துச் சலாபம் நடந்தது. அதன் பின் அப்பார்களில் மூழ்க அரசு அழைத்ததில்லை. அன்று இருபது வயதில் மூழ்கியவர் இன்றிருந்தால் எண்பதைக் கடந்திருப்பார். அவர்களிடம் போய் உட்கார்ந்து எந்தப் பார், எந்தக் குறி, என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ள எத்தனை சிற்றிதழ்கள் முன்வந்தன? முத்தைப் பற்றி உவமை எழுதத் தாள் இருந்தது.

விளையாட்டையும் நாங்கள் கண்மூடி வரவேற்கவில்லை. அதில் எங்களுக்கு உடன்பாடில்லாத ஒன்றை வெளிப்படையாகவே சொல்கிறோம். ஆடாதவர்களை ஆடுபவர்கள் ‘மகிள்’ என்று அழைக்கிறார்கள். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் அறியாத சாமானியருக்கு வைத்த பெயர் அது. அவர்கள் கண்ணில் படாமல் பெட்டியை எடுக்க வேண்டும் என்பது ஒரு குதூகலம். நகரத்துப் பூங்காவில் இது வேடிக்கையாக இருக்கலாம். புன்னைக்காயலுக்கு வந்து, அங்கே வலை பின்னிக்கொண்டிருப்பவரின் கண்ணுக்குத் தப்பி, அவர் ஊரிலேயே எதையோ தேடுவது என்பது யாகோரின் செருப்பில் கால் நுழைப்பது. ஊர்க்காரருக்கு ஒளிவாக ஊரில் எதுவும் இருக்கலாகாது. நல்ல வேளையாக, விளையாட்டின் விதியிலேயே இதற்கு மருந்தும் இருக்கிறது. பெட்டியை வைப்பவர் அதை அடிக்கடி வந்து பார்த்துப் பேணக்கூடியவராக இருக்க வேண்டும். சுற்றுலா வந்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டு ஊர் திரும்புவது ஒப்புக்கொள்ளப்படுவதில்லை. ஆக, ஒளிப்பவர் ஊர்க்காரர், தேடுபவர் வெளியூர்க்காரர். நமது மரபுச் சுற்றுலாக்களில் இது தலைகீழாக இருக்கிறது. சென்னையிலிருந்து வேனில் வரும் அறிஞர் ஒலிபெருக்கியில் ஊரைப் பற்றி ஊராருக்கே விளக்குகிறார்.

பெட்டியே வேண்டாம் என்று இன்னும் ஒரு படி போகிறோம். காரணங்கள் பல. கடலோரக் காவல் மிகுந்த கரை இது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் கனநீர் ஆலையும் இருக்கும் இடத்தில் எவனோ ஒருவன் புதரடியில் டப்பாவை ஒளிப்பதும், இன்னொருவன் கருவியோடு வந்து துழாவுவதும் காவல் நிலையத்தில்தான் முடியும். நிலத்தைக் கிண்டினால் சட்டமும் குறுக்கே வரும். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. மண்ணுள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். (யாகோர் வந்து போன இரண்டாம் ஆண்டில், கால்டுவெல் கொற்கையில் தோண்டிய மறு ஆண்டில் இச்சட்டம் பிறந்தது என்பதைச் சும்மா குறித்து வைக்கிறோம்.) இனி, மழை. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்து ஏரலையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்தது. வீடுகளே நிற்காத வெள்ளத்தில் டப்பா எம்மட்டு?

பெட்டியில்லாமலும் ஆட முடியும். 2004இல் அமெரிக்க நிலவியல் கழகத்தார் இதன் ஒரு கிளையைத் தொடங்கினார்கள். அங்கே ஒளித்து வைப்பது எதுவுமில்லை. குறித்த எண்களுக்குரிய இடத்துக்கு நேரில் போய், அந்த நிலத்தை நோக்கி, அங்கே நின்றாலன்றி விடை தெரியாத சில கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். பாறையின் நிறம் என்ன, அடுக்குகள் எத்தனை, நீர் எந்தப் பக்கமாக அரித்திருக்கிறது என்பன போல. முத்துக்குளித்துறைக்கென்றே செய்து வைத்தாற்போன்ற முறை. கொற்கையில் நின்று கேட்கலாம்: கடல் எத்திசையில் இருந்தது, ஆறு எப்படி அதைத் தள்ளிற்று, கிணறு வெட்டும்போது மண்ணில் என்ன சிப்பி வருகிறது? குதிரைமொழித் தேரியில் நின்று கேட்கலாம்: இந்தச் செம்மணல் காற்றால் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது, வேலி எவ்வளவு புதைந்திருக்கிறது? மணப்பாட்டின் மணற்குன்றின் மேல் நின்று, எந்தப் படகு எந்தக் கோபுரத்தை எந்த மரத்தோடு சேர்த்துப் பார்த்து நிற்கிறது என்று கேட்டால், அதற்கு விடை சொல்லக் கருவி போதாது. கரைக்கு வரும் ஒரு பெரியவரிடம் “ஐயா, இங்கிருந்து பார் எந்தப் பக்கம்?” என்று வாய் திறந்து கேட்டாக வேண்டும். அவர் சொல்ல விரும்பாவிட்டால் அதுவும் ஒரு விடைதான், எழுதிக்கொள்ளலாம்.

கேள்விகளை எழுத வேண்டியவர்கள் அந்தந்த ஊரார். பள்ளி ஆசிரியர், கோயில் பிள்ளை, தேநீர்க் கடைக்காரர், சங்கு குளிக்கப் போனவர். எங்கள் குழு செய்யக்கூடியது அவற்றைத் தொகுத்து எண்களோடு வெளியிடுவதும், வாசகர்களைப் போகச் சொல்வதும், போகாதவர் எழுதும் கொற்கைக் கட்டுரைகளை இனிச் சற்று ஐயத்தோடு படிப்பதும். கடற்கரையோர வரைபடங்கள் கிடைப்பதே அரிதாயிருந்த காலம் ஒன்றிருந்தது. 2005இன் வரைபடக் கொள்கையும் 2021இன் நிலத்தரவு நெறிமுறைகளும் அதைத் தளர்த்தின. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இடங்காட்டி இருக்கிறது. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, மணப்பாட்டுக்குப் பக்கத்திலிருந்தே செயற்கைக்கோள் ஏறப் போகும் காலம் வருகிறது. வழி தெரியவில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது.

பட்டியலில் ஓர் இடத்தை நாங்களே முன்மொழிகிறோம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டபோது அதில் 21 தீவுகள் இருந்தன. தூத்துக்குடிக்கு எதிரே வான், காசுவாரி, விலாங்குச்சல்லி, காரியச்சல்லி என நான்கு. சுற்றிலுமிருந்த பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் நெடுங்காலம் வெட்டி எடுத்தார்கள். விலாங்குச்சல்லி நீருக்குள் போய்விட்டது. வடக்கே பூவரசன்பட்டியும் அவ்வாறே. காரியச்சல்லி சிறுத்துக்கொண்டே வருகிறது. வான் தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். தீவுகளில் கால் வைக்க அனுமதியில்லை, வைக்கவும் வேண்டாம். விலாங்குச்சல்லிக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் பழைய வரைபடத்தில் இருக்கின்றன. அந்த எண்களில் போய்ப் பார்க்க நீர்ப்பரப்பு தவிர ஒன்றுமில்லை. கரையிலிருந்து அத்திசையை நோக்கி நின்று எழுத வேண்டிய கேள்வி இது: இங்கிருந்து எடுத்த பவளக்கல் ஊரில் எந்தெந்தச் சுவரில் இருக்கிறது? பழைய சுவர்களைச் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் உற்றுப் பாருங்கள், ஊராரைக் கேளுங்கள்.

குறிப்பேடாக ஒரு 80 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். தேநீர்க் கடையிலோ படிப்பகத்திலோ இருக்கட்டும். எங்கே என்பதை ஊரார் முடிவு செய்யட்டும். பெயர், தேதி, எங்கிருந்து வந்தீர்கள், என்ன கண்டீர்கள். அலமாரியில் சில்லு வைத்திருப்போர் முதலில் போகலாம், போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு. எந்த மேட்டில் பொறுக்கினோம் என்பது நினைவிருக்கிறதா என்று அங்கே நின்று யோசித்துப் பார்த்து, நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை அப்படியே நோட்டில் எழுதி, சில்லைத் தொல்லியல் துறையினரிடம் ஒப்படைத்துவிட்டு வரட்டும்.